குத்புதீனும் ஏழாவது ஷரத்தும்

ஏசி மெக்கானிக் குத்புதீன் உலக ஒப்பந்தம் ஒன்றைப் படிக்கத் தொடங்கியது, அந்த ஒப்பந்தம் அவருடைய பிழைப்பில் கை வைத்த பிறகுதான். அதற்கு முன் அவர் கண்ட ஒப்பந்தம் ஒன்றே ஒன்று: சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனபோது ஏஜெண்டு நீட்டிய தாள். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தாளில் இருந்த வேலை வேறு, போய்ச் சேர்ந்த வேலை வேறு. அன்று முதல் எந்தத் தாளையும் கடைசி வரி வரை படிப்பது, படித்ததைப் பச்சை ஃபைலில் கோத்து வைப்பது என இரண்டு பழக்கங்கள் அவரோடு ஒட்டிக்கொண்டன. எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு, பாலைவனத்து லேபர் கேம்ப்பில் ஓர் ஆங்கில அகராதியின் துணையோடு மறுபடி தொடங்கியது.

2008-இல் ஊர் திரும்பியவர் திருச்சி பாலக்கரையில் ஒரு கடை பிடித்தார். பழைய ஃபிரிட்ஜ்களைச் சரிபார்ப்பது தொழில். அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களுக்குள் ஓடியது, மெக்கானிக்குகள் 'பன்னெண்டு' என்று அழைத்த ஒரு கேஸ். கடை சூடுபிடிக்கத் தொடங்கிய நேரத்தில், கேஸ் வாங்க அரியமங்கலம் தொழிற்பேட்டைக்குப் போனார். அங்கே சிலிண்டர் மொத்த வியாபாரம் செய்பவர் ரோஷன் பேகம். திருச்சியில் எந்த மெக்கானிக் கையில் இருக்கும் கேஸும் ஒருமுறை அந்த அம்மாளின் குடோனைத் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கும்.

"பன்னெண்டு இனிமே வராது பாய். முடிஞ்சு போச்சு" என்றார் ரோஷன் பேகம்.

"ஏம்மா, கம்பெனியை மூடிட்டானா?"

"கம்பெனி இல்ல. உலகத்து நாடெல்லாம் சேர்ந்து நிறுத்திருச்சாம். வானத்துல ஓட்டை விழுதாம்."

"எல்லா நாடும் சேர்ந்தா? எங்கிட்ட யாரும் கேக்கலையே."

"உங்களைக் கேக்காம பண்ணிட்டாங்கன்னு ஒரு கடுதாசி போடுங்களேன்."

அவர் கேலியாகத்தான் சொன்னார். குத்புதீன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "எந்த ஊருக்கும்மா போடணும்?" என்று கேட்டார்.

கடுதாசி போடவில்லை, ஒப்பந்தத்தைத் தேடிப் பிடித்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த இண்டர்நெட் கடையில் அதை அச்செடுத்து, பச்சை ஃபைலில் கோத்து, தொழில் படுத்துக்கிடந்த மழைக்காலம் முழுக்க அகராதியோடு உட்கார்ந்தார். ஃபிரிட்ஜ் கடையை இழுத்து மூடிவிட்டு ஏசி வேலைக்கு மாறியிருந்த சமயம் அது. யார் தன் கடையை மூடவைத்தது என்று தெரிந்துகொள்ளும் கோபத்தில் தொடங்கிய படிப்பு, பாதி வழியில் வேறு ருசி கண்டது. அவர் கண்ணுக்கு அது நன்றாகப் பூட்டிய யந்திரமாகத் தெரிந்தது. 1987-இல் மாண்ட்ரியால் என்ற ஊரில் எழுதியது. ஏழை நாடுகளுக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள். அவை மாறுவதற்கு ஆகும் செலவுக்குப் பொது நிதி ஒன்று பின்னால் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு சேர்ந்த நாடுகள் இந்தச் சரக்கை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று ஒரு பிரிவு. வெளியே நிற்பவனுக்குச் சரக்கு இல்லை என்றால் எவன் வெளியே நிற்பான்?

பின்னர் 2015-இல் பாரிஸில் எழுதிய ஒப்பந்தத்தையும் அவர் அச்செடுத்தார். அதில் ஒவ்வொரு நாடும் புகையை எவ்வளவு குறைக்கும் என்பதைத் தானே எழுதிக் கொடுக்கும். எழுதியதைச் செய்யாவிட்டால் கேட்பார் இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனைவி மஹ்ஜபீனுக்கு அவர் இப்படிச் சொன்னார்: "முதல்ல சொன்னது சீட்டு. கட்டாதவன் ஏலத்துல உக்கார முடியாது. இது உண்டியல். போட்டவன் யாரு, போடாதவன் யாருன்னு உண்டியலுக்கே தெரியாது."

"ஊர்ல எல்லாப் பொம்பளையும் புருஷன் கூட சினிமா பத்திப் பேசுறாங்க" என்றார் மஹ்ஜபீன்.

2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரத்தில் பழைய சீட்டில், அதாவது மாண்ட்ரியால் ஒப்பந்தத்தில், புதிய சரக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். அது இப்போது குத்புதீன் கையாளும் ஏசி கேஸேதான். அது வானத்தை ஓட்டை போடுவதில்லை. ஆனால் பூமியைச் சுடவைப்பதில் கரியமில வாயுவுக்குப் பாட்டன். அவர் அதிகம் நிரப்பும் வகையில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், இரண்டு டன் கரியமில வாயு கலந்ததற்குச் சமம். இந்தியா 2021-இல் அதை முறைப்படி ஏற்றது. அந்த ஆண்டே குத்புதீன், வண்டி மாற்றுவதற்கு வைத்திருந்த பணத்தில் ரிக்கவரி மெஷின் ஒன்று வாங்கினார். ஏசிக்குள் மிச்சமிருக்கும் கேஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் கருவி அது. தம்மாமில் ஏசி வேலை பார்த்தபோது அதில்லாமல் சூப்பர்வைசர் ஸ்பேனரைத் தொட விடமாட்டார்.

"நாடு கையெழுத்துப் போட்டா நாமளும் போட்ட மாதிரிதான்" என்றார் மனைவியிடம்.

"நாடு மெஷின் வாங்கிக் குடுத்துச்சா?"

திருச்சி மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கசிவு ஏற்பட்டுக் குளிர் குறைந்த ஏசியில் மிச்சக் கேஸை முதலில் வெளியேற்ற வேண்டும். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தினால் போதும். பாம்பு சீறுவதுபோல் சீறிக்கொண்டு கேஸ் காற்றில் போய்விடும். மெஷினும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். நாளடைவில் அந்தச் சீறலே வேலைக்கு அத்தாட்சி ஆகிவிட்டது. வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்து நின்று காது கொடுப்பார்கள். சத்தம் வந்தால் பழைய கேஸ் போய்விட்டது, புதிது ஏறப்போகிறது என்று நிம்மதி. சத்தம் வராவிட்டால், பழையதையே உள்ளே வைத்துக்கொண்டு மெக்கானிக் புதிதுக்குப் பில் போடுகிறான் என்று சந்தேகம். இது தெரிந்த மெக்கானிக்குகள் சீறலைக் கொஞ்சம் இழுத்து, நாதஸ்வரக்காரர் கடைசிச் சுரத்தில் நிற்பதுபோல் நின்று முடிப்பதும் உண்டு.

2022 மே மாதம் ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில், ஆராவமுதன் வீட்டு மாடியில் குத்புதீன் மெஷினை இறக்கினார். ஆராவமுதன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குத்புதீனுக்கு அவர் வீடு பழக்கமான வீடு; அந்த வீட்டின் சிபாரிசால்தான் வீதியில் பாதி வீடுகள் அவருக்குக் கிடைத்தன. அன்று ஆராவமுதன் வழக்கம்போல மாடியில் வந்து நின்றார். மெஷின் முனகியது. சீறல் வரவில்லை.

"என்ன பாய், சத்தத்தையே காணோம்?"

"சத்தம் வராதுங்க சார். இந்த மெஷின் உள்ள இருக்கறதை இழுத்து சிலிண்டர்ல புடிச்சுக்கும்."

"புடிச்சு?"

"எடுத்துட்டுப் போய் சுத்தம் பண்ண அனுப்பிருவேன். வெளிய விட்டா பூமிக்குச் சூடு சார். உலக ஒப்பந்தம் இருக்கு."

"அது இருக்கட்டும். அந்த கேஸ் யாரோடது?"

குத்புதீன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவர். இந்தக் கேள்விக்கு அதில் விடை இல்லை.

"உங்களோடதுதாங்க சார்."

"என்னோடதுன்னா, என்னைக் கேக்காம எப்படி எடுத்துண்டு போறேள்?"

அன்று மாலை அந்த வீதியின் வாட்ஸப் குழுவில் ஆராவமுதனிடமிருந்து ஒரு படம் வந்தது. குத்புதீன் வண்டியில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருக்கும் படம். கீழே நான்கு வரி: ஏசி பார்க்க வரும் குத்புதீன் என்பவர் நம் வீட்டுக் கேஸைத் திருடிச் செல்கிறார், வேறு ஆட்களை அழைக்கவும். பக்கத்து வீதியில் இருந்த ஒரு வாடிக்கையாளர் அதை அவருக்கே அனுப்பி, 'இது நிஜமா?' என்று கேட்டிருந்தார். குத்புதீன் அதை அச்செடுத்து, தேதியிட்டு, பச்சை ஃபைலில் கிகாலிக்கு அடுத்த தாளாகக் கோத்தார். மறுநாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆராவமுதன் வீட்டுக்குப் போனார். ஆராவமுதன் அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், ஃபைலைத் திறக்கவில்லை.

"பேப்பர் யார் வேணும்னா பிரிண்ட் எடுக்கலாம் பாய். எனக்கு இவ்வளவுதான் தெரியும். ஊர்ல எல்லா மெக்கானிக்கும் ஒரு மாதிரி பண்றான், நீங்க மட்டும் வேற மாதிரி பண்றேள். அப்போ தப்பு யார் பேர்ல?"

அந்த வீதியை அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த மெக்கானிக் பிச்சமுத்து எடுத்துக்கொண்டார். அவர் விடும் சீறல் எதிர்வீடு வரை கேட்கும் என்று பெயர். கீழ உத்திர வீதியை வைத்து மற்ற வீதிகளும் ஒவ்வொன்றாகப் போயின. அந்தக் கோடை முடிவதற்குள் காவிரிக்கு வடக்கே குத்புதீனுக்கு ஒரு வீடு மிச்சமில்லை. வீடுகள் போனதைவிட அந்த நான்கு வரியில் இருந்த ஒரு சொல்தான் அவரைத் தூங்கவிடவில்லை. சொல்லைத் துடைத்துக்கொண்டு அந்த வீதிக்குத் திரும்பப் போவது ஒன்றே இனி வேலை என்று அவர் தீர்மானித்தார்.

மெக்கானிக்குகள் சங்கத் தலைவர் அடைக்கலராஜ் அனுதாபத்தோடு வந்தார். "உங்க பேரு குத்புதீனா இருந்ததால சட்டுனு திருடன்னு வந்துருச்சு பாய். என் பேரா இருந்தா ரெண்டு தடவை யோசிச்சிருப்பாரு."

"இல்லண்ணே. சத்தம் வரல. அதனாலதான்."

அடைக்கலராஜ் சொன்னதில் உண்மை இருந்ததா என்பதை அவர் ஆராயவில்லை. அது உண்மையானால் அதற்குத் திருத்தம் எழுத அவரால் ஆகாது. சத்தத்துக்கு எழுதலாம். ஆராவமுதன் கேட்ட கேள்வியை அவர் ஒரு தாளில் எழுதிவைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் தனியாகச் செய்தால் அது திருட்டாகத் தெரிகிறது. ஊரே செய்தால் அதுதான் தொழில்முறை. நாடுகளும் இதற்காகத்தான் ஓரிடத்தில் கூடுகின்றன போலும். எந்த நாடும் தான் மட்டும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு நஷ்டப்பட்டு நிற்க விரும்புவதில்லை.

கேஸ் பிடிப்பதைப் பற்றி மெக்கானிக்குகளின் முதல் கூட்டம் மேலப்புதூரில், அடைக்கலராஜ் பிடித்துக் கொடுத்த ஹாலில் நடந்தது. யாரையும் நெருக்க வேண்டாம், அவரவர் முடிந்ததைச் சொல்லட்டும் என்று குத்புதீன் நினைத்தார். சொன்னார்கள்.

"நான் வாரத்துக்கு ரெண்டு வீட்டுல புடிக்கிறேன் பாய்."

"நான் மழைக்காலத்துல புடிச்சுடறேன்."

"மழைக்காலத்துல எவன்யா ஏசி போடுறான்? நீ பிடிக்கிறது ஜலதோஷந்தான்."

ஹால் சிரித்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். சுத்தம் செய்ய ரோஷன் பேகத்தின் குடோனுக்கு வந்திருந்த சிலிண்டர் ஒன்றே ஒன்று. அது குத்புதீனுடையது.

"ராஜா குளத்துல பால் ஊத்தச் சொன்ன கதைதான்" என்றார் அடைக்கலராஜ். "எல்லாரும் ஊத்துவான், நாம ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா தெரியவா போவுதுன்னு ஊரே தண்ணி ஊத்திருச்சு. பொழுது விடிஞ்சா குளத்துல மீன் துள்ளுது."

அபராதம் போட்டுப் பார்த்தார்கள். காட்டிக்கொடுப்பவன் இல்லாத அபராதம் செல்லாக்காசு. சங்கத்தில் பாதிப் பேர் மாமன் மச்சான். மீதிப் பேர் ஒருவரிடம் ஒருவர் அழுத்தம் பார்க்கும் கேஜ் இரவல் வாங்குகிறவர்கள். யார் யாரைக் காட்டிக்கொடுப்பது?

தான் உண்டியலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைக் குத்புதீன் தாமதமாகத்தான் உணர்ந்தார். பச்சை ஃபைலை மறுபடி திறந்து, பழைய மாண்ட்ரியால் தாளுக்குப் போனார். பிறகு அரியமங்கலத்துக்கு.

"பழைய கேஸ் கொண்டாராதவனுக்குப் புது கேஸ் கிடையாது. நீங்க இது ஒண்ணு சொன்னாப் போதும்மா" என்றார் ரோஷன் பேகத்திடம்.

"சொல்லிரலாம். எவனாவது ஒரு பெரிய கை வெளிய நின்னு, தஞ்சாவூர்லேர்ந்து கேஸ் வாங்கியாந்து, சத்தம் விட்டு வேலை பாத்தா? வீட்டுக்காரன் அவனைத்தானே கூப்புடுவான்? ஒரே வாரத்துல மத்தவனும் அவன் பின்னாடி போயிருவான். நான் குடோனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"எத்தனை பேர் வந்தா நீங்க வருவீங்க?"

"சின்ன ஆளுங்க நாலு பேர் வெளிய இருக்கட்டும், பரவால்ல. ஸ்ரீரங்கத்து பிச்சமுத்து உள்ள வரணும். அவரு கையெழுத்துக்கு அப்புறம் என் கையெழுத்து. அதுவரைக்கும் இது சும்மா பேப்பர்."

குத்புதீனுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. பெரிய ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்திலும் இப்படி ஒரு பிரிவு உண்டு: இத்தனை நாடுகள் ஏற்ற பிறகே இது உயிர் பெறும்.

2023 மழைக்காலத்தில் ஆறு ஷரத்துகளை அவர் எழுதி முடித்தார். எல்லோரும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். யாரும் முந்திக்கொண்டு நஷ்டப்பட வேண்டியதில்லை. பிடித்த கேஸை வீட்டுக்காரர் கண் முன்னால் தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் எழுதிச் சீட்டு தர வேண்டும். சீறல் போன இடத்தில் அத்தாட்சியாக இனி தராசு இருக்கும். மெஷின் இல்லாதவர்களுக்குச் சங்கம் இரண்டு மெஷின்களைப் பொதுவில் வைக்கும். சொந்த மெஷின் வாங்கத் தனியாளாகத் தொழில் செய்பவர்களுக்கு இரண்டு கோடை அவகாசம். வெளியே நிற்பவனுக்கும் வெறுங்கையோடு வருபவனுக்கும் கேஸ் இல்லை. ஆராவமுதன் கேள்விக்கும் ஒரு ஷரத்து ஒதுக்கினார்: பிடித்த கேஸ் வீட்டுக்காரருடையது, அவர் வேண்டாம் என்று எழுதித் தரும் வரை மெக்கானிக் கையில் அது அமானிதம்.

"அமானிதம்னா?" என்றார் அடைக்கலராஜ்.

"ஒருத்தர் நம்பி நம்மகிட்ட குடுத்து வெச்ச பொருள்ணே."

"அப்ப அந்த வார்த்தையே இருக்கட்டும். மாத்தாதீங்க."

பிச்சமுத்துவை அம்மா மண்டபம் ரோட்டு டீக்கடையில் பார்த்தார். பிச்சமுத்து ஆறு ஷரத்தையும் பொறுமையாகப் படித்தார். கெட்டிக்காரர், ஒன்றிலும் குற்றம் சொல்லவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க பாய். எனக்கு இதுல என்ன இருக்கு?"

"தினம் மூச்சுல கேஸ் ஏறாது. வீட்டுக்காரன் சந்தேகப்பட மாட்டான்."

"இப்பவும் படலையே. உங்க மேலதானே பட்டான்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "நான் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். நாளைக்கு நான் சத்தமில்லாம கேஸ் புடிக்கிறேன்னு வைங்க. ஆராவமுதன் சார் பாக்குறாரு. அட, அன்னைக்கு பாய் பண்ணதும் இதானேன்னு அவருக்கு உறைக்கும். அப்புறம் யாரைக் கூப்புடுவாரு? அந்த வீதி உங்க வீதி. கையெழுத்துப் போட்டா, உங்க வீதியை உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டு நான் கொள்ளிடக்கரையில போய் உக்காரணும்."

குத்புதீன் மறுக்கவில்லை. அவர் மனதில் இருந்த கணக்கும் அதுதான்.

"என்ன வேணும், சொல்லுங்க."

"பாலத்துக்கு வடக்கே நீங்க வேலை எடுக்கக் கூடாது. எப்பவும். அதை எழுதுங்க, நான் போடுறேன்."

பிறகு குத்புதீன் கேட்டார்: "எழுதுறேன்னு வைங்க. எனக்கு ஒண்ணு செய்வீங்களா? அன்னைக்கு நான் பண்ணது சரியான முறைதான்னு ஆராவமுதன் சார்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

பிச்சமுத்து உண்மையிலேயே யோசித்தார். "அது முடியாது பாய். சொன்னா, அப்ப நீ ஏன் இத்தனை நாள் சத்தம் விட்டேன்னு என்னையக் கேப்பாரு. நான் என்ன சொல்ல?"

அன்று இரவு சாப்பாட்டின்போது மஹ்ஜபீன் இரண்டு தடவை கேட்ட பிறகே அவர் விஷயத்தைச் சொன்னார்.

"என்னங்க இது? அந்த வீதிக்குத் திரும்பப் போகத்தானே இவ்வளவையும் எழுதுனீங்க?"

"ஆமா."

"அப்ப அவரை விட்டுட்டு மத்தவங்க போடட்டும்."

"அவரு போடலைன்னா அந்த அம்மா போடாது. அந்த அம்மா போடலைன்னா ஒருத்தனும் போட மாட்டான். நான் திரும்ப ஒத்தையா மெஷினைத் தூக்கிட்டுப் போகணும். ஒத்தையாப் போனா என்ன பேரு கிடைக்கும்னுதான் பாத்துட்டோமே."

"போட்டாலும் அந்தப் பேரு அங்கதானே கிடக்கு?"

குத்புதீன் குழம்பை ஊற்றிக்கொண்டார். இதே கேள்வி பெரிய ஒப்பந்தத்திலும் வருவதுண்டு என்று அவருக்குத் தெரியும். வெளியே நிற்பவனை உள்ளே கொண்டுவர ஏதாவது கொடுத்தாக வேண்டும். கொடுப்பவன் கையில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். எந்த நாடு எதை விட்டுக்கொடுத்தது என்பது அச்சில் வருவதில்லை. ஏற்றுக்கொண்ட நாடுகளின் பெயர்தான் வரும்.

ஏழாவது ஷரத்தை அவர் தன் கையாலேயே எழுதினார்: 'குத்புதீன் ஆகிய நான் காவிரிப் பாலத்துக்கு வடக்கே எந்த வீட்டிலும் கடையிலும் ஏசி வேலை எடுக்க மாட்டேன். மற்ற ஆறு ஷரத்துகளும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பேசி முடிவு செய்யத்தக்கவை. இது அப்படி அல்ல.' கடைசி வாக்கியம் பிச்சமுத்து கேட்டது.

2024 பிப்ரவரியில், கோடை தொடங்குவதற்கு முன், மேலப்புதூர் ஹாலில் அடைக்கலராஜ் ஏழையும் உரக்கப் படித்தார். ஏழாவதில் அவர் குரல் தானாகத் தணிந்தது.

"பாய், இது எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அது எனக்கும் பிச்சமுத்துவுக்கும் உள்ளது. நீங்க ஆறைப் பாருங்க."

பிச்சமுத்து போட்டார். ரோஷன் பேகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்ததாகப் போட்டார். பிறகு பேனா கைமாறிக்கொண்டே போயிற்று.

அந்தக் கோடையில் நடந்தவற்றைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. முதல் மாதம் வீட்டுக்காரர்கள் சத்தம் எங்கே என்று கேட்டார்கள். வேறு மெக்கானிக்கை அழைத்தார்கள்; அவரிடமிருந்தும் சத்தம் வரவில்லை. மூன்றாவது ஆளும் தராசை எடுத்துவைத்தபோது கேட்பதை விட்டுவிட்டார்கள். உறையூர்க்காரர் ஒருவர் சிலிண்டரில் வெறும் காற்றை அடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். ரோஷன் பேகம் கேஜைப் பூட்டிப் பார்த்துவிட்டு, "இதை சைக்கிளுக்கு வெச்சுக்கங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். ஏப்ரல் வெயிலில் கேஸ் இல்லாமல் அந்த மனிதர் ஒரு வாரம்தான் தாக்குப்பிடித்தார். சென்னைக்குச் சுத்தம் செய்யப் போகும் வண்டியில் திருச்சி சிலிண்டர்கள் ஒரு வரிசையாவது ஏறின. ஒரு பெரிய ஆலை ஒரு நாளில் விடும் புகைக்கு முன்னால் அந்த வரிசை ஒன்றுமில்லை என்பதும் குத்புதீனுக்குத் தெரியும். ஆறு ஷரத்துகளின் நகலை அவர் பச்சை ஃபைலில் முதல் தாளாக வைத்தார்; ஏழாவதைக் கடைசியில்.

மறுவருடம் ஜூன் மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில், ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆராவமுதன் அவரைக் கண்டுகொண்டார். குத்புதீன் மெஷின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலக்கரைக்கு நடந்துகொண்டிருந்தார்.

"நீங்க அந்த ஏசி பாய்தானே? சௌக்கியமா?"

"நல்லா இருக்கேங்க சார். வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"பெருமாள் புண்ணியத்துல. இப்போ நம்மாத்துக்குப் பிச்சமுத்துதான் வரான். என்ன சுத்தம்கறேள்! ஒரு பொட்டு கேஸ் வெளிய விடறதில்ல. கண்ணெதிர்ல தராசுல நிறுத்து, சீட்டு எழுதிக் கொடுத்துட்டுத்தான் படி இறங்கறான்." சொல்லிவிட்டு அவர் குரலைச் சற்றுத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்கப்படாது. நீங்களும் அன்னிக்கே இந்த மாதிரி பண்ணிருந்தா நமக்குள்ள அப்படி ஒரு மனஸ்தாபமே வந்திருக்காது."

"பண்ணிருக்கலாம் சார்."

"போகட்டும். மனுஷன்னா ஒரு சமயம் சபலம் வரத்தான் செய்யும். நான் அப்பவே மறந்தாச்சு. சித்திரை வீதியில என் மச்சினர் ஆத்துல ரெண்டு ஏசி இருக்கு. பிச்சமுத்துக்குக் கை ஒழியல. நான் சொல்லிடறேன், நீங்க வந்து பாருங்கோ."

குத்புதீன் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். மூன்று வருஷமாக அவர் கேட்க விரும்பியவற்றில் 'வந்து பாருங்கோ' என்ற கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டும் அதில் இருந்தன.

"அந்தப் பக்கம் வேலை எடுக்கறதில்லைங்க சார்."

"ஏன், இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல சார். ஒப்பந்தம்."

ஆராவமுதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னுமா அந்த ஒப்பந்தத்தை நீங்க விடல?"

"விடலைங்க சார்."

ஒன்றாம் நம்பர் பஸ் வந்து திரும்பியது. டிக்கெட்டுக்காக ஆராவமுதன் பர்ஸைத் திறந்தார். அதற்குள் நான்காக மடித்த மஞ்சள் சீட்டு ஒன்று தெரிந்தது. குத்புதீன் கேட்டதும் அதை எடுத்துப் பெருமையோடு நீட்டினார். எடை இருந்தது. பிச்சமுத்துவின் கையெழுத்து இருந்தது. வீட்டுக்காரர் கையெழுத்தும் இருந்தது.

"தேதி போடல சார்" என்றார் குத்புதீன், சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்து. "ரெண்டாவது ஷரத்து. அடுத்த தடவை வரும்போது போடச் சொல்லுங்க."